வருவோரும் வாழ்வோரும்: மலாக்காத் தமிழரிடையே வேதபோதனை

ஒரு நாட்டுத் திருச்சபை தன் உறுப்பினர் சிலரை இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ வேறொரு நாட்டுக்கு அனுப்பி, அங்குள்ளோருக்கு விவிலியம் கற்பித்துத் திரும்பச் செய்வதைக் குறுகியகால ஊழியப் பயணம் என்பர். வானூர்திப் பயணம் நடுத்தர வருவாயினருக்கும் எட்டிய இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுச் சபைகளில் பரவிய இவ்வழக்கம் இன்று தமிழ்ச் சபைகளிலும் வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் போதகர்களும் இளைஞர் குழுக்களும் எழுப்புதல் கூட்டங்கள் நடத்துவதும், பள்ளி விடுமுறையில் சிறுவர்க்கு வேதப்பாடம் சொல்லித்தருவதும், வீடுவீடாகச் சென்று செபிப்பதும் மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர் நன்கறிந்தவை.

இவ்வழக்கத்தை ஆதரிப்போர் அதில் வெளிப்படும் ஆர்வத்தைப் போற்றுகின்றனர். எதிர்ப்போர் அதற்காகும் செலவைச் சுட்டுகின்றனர். இரண்டுக்கும் அடியில் கிடக்கும் சமயவியல் வினாவோ போதிய அளவு ஆராயப்படுவதில்லை. மறைநூலைக் கற்பித்தல் என்பதில், செய்தியைச் சொல்வதோடு, அச்செய்தியை ஏற்றவரின் வாழ்வில் பின்னர் எழும் ஐயத்துக்கும் இடருக்கும் துணை நிற்பதும் அடங்குமென்றால், கற்பித்த சில நாளில் ஊர் திரும்பிவிடுபவர் எந்த உரிமையில் கற்பிக்கிறார், அவர் விட்டுச்செல்லும் பொறுப்பை ஏற்பவர் யார் என்பதே அவ்வினா. இதை ஆராய மலாக்காவைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஏனெனில் பருவக்காற்றுக்குக் காத்திருந்து வந்துபோகும் மரக்கலங்களால் வளர்ந்த அத்துறைமுகத்தில், வேதபோதகரும் பல நூற்றாண்டுகளாக வந்து போய்க்கொண்டே இருந்திருக்கின்றனர்.

அவர்களுள் தலையாயவர் தூய பிரான்சிஸ் சவேரியார். மலாக்காவுக்கு வருவதற்கு முன் அவர் பணியாற்றிய களம் தமிழகத்தின் முத்துக்குளித்துறை, அதாவது தூத்துக்குடியையும் புன்னைக்காயலையும் உள்ளடக்கிய கடற்கரைப் பகுதி. அங்குள்ள பரதவர், தமக்கு நேர்ந்த இடர்களிலிருந்து போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, 1536ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்கு மறைக்கல்வி புகட்ட எவரும் தங்கவில்லை. 1542இல் சவேரியார் அங்கு வந்தபோது, கிறிஸ்தவர் என்ற பெயரைத் தவிரக் கிறிஸ்தவத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் கற்பிக்கப்படாத மக்களையே கண்டார். சடங்கை நிறைவேற்றிவிட்டு அகன்றவர்கள் விட்டுச்சென்ற இவ்வெறுமையே பொறுப்பற்ற குறுகியகாலப் பணியின் இயல்பைக் காட்டும் முதற்சான்றாகும்.

சவேரியாரின் தமிழறிவு மிகக் குறைவு. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தோரின் உதவியால் சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கட்டளைகள், முதன்மைச் செபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி அவற்றை ஓதச்செய்தார். ஓரூரில் நெடுநாள் தங்க இயலாதென்பதை உணர்ந்த அவர், செபங்களின் படி ஒன்றை ஊர்தோறும் விட்டுச்சென்றதோடு, அவ்வூரார் ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக அமர்த்தினார். ஊர்க்கணக்கு எழுதுபவரைக் குறித்த அப்பெயர், அக்கடற்கரைத் திருச்சபையில், செபம் சொல்லித்தந்து கோயிற்காரியங்களைக் கவனிக்கும் பொதுநிலையினரையும் குறிக்கலாயிற்று. சவேரியார் அக்கரையை விட்டு அகன்ற பின்னும் மறைக்கல்வி தொடர்ந்ததற்கு இவ்வேற்பாடே காரணம்.

1545ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் தோமையார் கல்லறையருகே சில மாதம் தங்கியபின் அவர் மலாக்காவை அடைந்தார். கீழைத்தீவுகளுக்குச் செல்லும் கப்பலுக்காக அங்கே காத்திருந்த ஏறத்தாழ மூன்று மாதமே இன்றைய பொருளில் குறுகியகால ஊழியம் எனத் தகும். அங்கும் செபங்களையும் விசுவாச அறிக்கையையும் மலாய் மொழியில் பெயர்க்கச்செய்து, சிறுவர்க்கும் அடிமைகளுக்கும் நாள்தோறும் கற்பித்தார். 1545க்கும் 1552க்கும் இடையில் ஐந்து முறை அந்நகருக்கு வந்த அவர், எந்த முறையும் ஆண்டுக்கணக்கில் தங்கவில்லை; ஆயினும் 1548இல் பிரான்சிஸ்கோ பெரெஸ் என்ற இயேசு சபைக் குருவை அங்கேயே தங்கிப் பணியாற்ற அனுப்பினார்; அவ்வாண்டே அங்கு ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. தம் வருகை போதாதென்பதை அறிந்து, தங்குபவர் ஒருவரைத் தேடி அமர்த்தியதே சவேரியாரின் மலாக்காப் பணியில் இன்றைய குழுக்கள் கூர்ந்து கற்கவேண்டிய பகுதி.

முத்துக்குளித்துறையில் இதே பணியை நிறைவு செய்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் வழங்கும் என்றிக்கே என்றிக்கசு. 1540களின் பிற்பகுதியில் அங்கு வந்து 1600இல் மறையும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அக்கடற்கரையை விட்டு அகலாத அவர், தமிழை இலக்கணத்தோடு கற்று, தமிழுக்கே ஓர் இலக்கண நூலையும் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய உழைப்பின் பயன். தமிழெழுத்தில் அச்சிடப்பட்டு இன்று கிடைக்கும் நூல்களுள் பழையது அதுவே. சவேரியார் மனப்பாடம் செய்து ஓதிய செபங்களின் குறைகளைத் திருத்தும் பணியும் அவரைச் சார்ந்தது. சவேரியாரின் பெயரை உலகமெங்கும் ஆலயங்கள் தாங்கி நிற்க, அண்டிரிக் அடிகளாரின் பெயரை அச்சுக்கலை வரலாறு படிப்போரே பெரும்பாலும் அறிவர். ஆனால் முன்னவர் ஊன்றியது பின்னவர் தங்கியதால்தான் நிலைத்தது.

விவிலியமே இவ்விரு வகைப் பணிக்கும் இடமளிக்கிறது. திருத்தூதர் பணிகள் என்னும் நூலின்படி, பவுல் தெசலோனிக்கேயாவின் தொழுகைக்கூடத்தில் மூன்று ஓய்வுநாள்கள் விவாதித்தார். பின் எதிர்ப்பு வலுக்கவே இரவோடிரவாக வெளியேற நேர்ந்தது. கொரிந்தில் அவர் தங்கியது ஒன்றரை ஆண்டு. எபேசில் ஏறத்தாழ மூன்றாண்டு. தங்க இயலாமற்போன தெசலோனிக்கேயாவை அவர் மறந்துவிடவில்லை. தாம் தனித்திருக்க ஒப்பி, உடனுழைத்த திமொத்தேயுவை அங்கு அனுப்பினார். அவர் கொண்டுவந்த செய்தியைக் கேட்டுக் கடிதம் எழுதினார். இறந்தோரின் நிலை என்ன என்று அம்மக்கள் கலங்கியதற்கு அக்கடிதத்தில் விடையும் தந்தார். புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்து எனப் பெரும்பாலான அறிஞர் கருதும் அம்முதல் மடல், குறுகிய வருகை ஒன்று எழுப்பிய கேள்விக்கு வந்தவரே பொறுப்பேற்றதன் விளைவு என்பது எண்ணத்தக்கது.

இதற்கு மாறாக, பிலிப்பு எத்தியோப்பிய அதிகாரி ஒருவரைச் சாலையில் சந்தித்து, அவர் வாசித்த எசாயாவின் ஏட்டை விளக்கி, திருமுழுக்களித்து, உடனே மறைந்த நிகழ்ச்சியைக் குறுகியகால ஊழியத்தின் ஆதரவாளர் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அங்கே மறைநூல் ஏற்கெனவே அவ்வதிகாரியின் கையில் இருந்தது. கேள்வியை எழுப்பியவரும் அவரே. தம் ஊருக்குத் தம் வழியே திரும்பியவரும் அவரே. வந்தவர் தாமாக ஒரு பாடத்தைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. கேட்டவரின் வாசிப்புக்குத் துணை செய்தார். ஆகவே அந்நிகழ்ச்சி குறுகிய சந்திப்பை ஏற்கிறது. எனினும் கேட்பவரின் வினாவிலிருந்தே அது தொடங்கவேண்டும் என்ற வரம்பையும் விதிக்கிறது.

மலாக்காவின் பிற்கால வரலாறு, தங்கி வாழ்வோரின் ஆற்றலை இன்னும் தெளிவாக்குகிறது. 1641இல் ஒல்லாந்தர் அந்நகரைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டது. குருக்கள் வெளிப்படையாகப் பணியாற்ற இயலாத நிலையில், போர்த்துக்கீசிய வழிவந்த எளிய மக்கள் இல்லங்களிலேயே செபித்து, பொதுநிலையினரின் சங்கங்கள் வழியாகத் திருநாள்களையும் வழிபாட்டு மரபுகளையும் காத்தனர். 1710இல் தூய பேதுரு ஆலயம் எழுந்தபோது அதில் கூடுவதற்கு ஒரு சமூகம் எஞ்சியிருந்ததென்றால், அதற்கு இடையிடையே வந்துபோன குருக்களைவிட, எங்கும் போகாதிருந்த அக்குடும்பங்களே பெருங்காரணம்.

வருபவர் கற்பிப்பதற்கு முன் கற்கவேண்டும் என்பதற்கும் மலாக்காவிலேயே சான்று உண்டு. 1815இல் இலண்டன் மிஷனெரி சங்கத்தின் வில்லியம் மில்ன் அங்கு வந்தார்; 1818இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அக்காலத்து மிஷனெரிகளுக்கு மலாய் கற்பித்தவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணமுடித்த ஓர் அரபியரின் வழியில் வந்த அவர், சிறுவயதில் தமிழும் முறையாகக் கற்றவர். இஸ்லாத்தில் உறுதியாக நின்றுகொண்டே நற்செய்தி நூலின் மலாய் மொழிபெயர்ப்புக்கு உதவிய அவர், மலாய் நடைக்கு ஒவ்வாதவற்றைச் சுட்டிக்காட்டியும் தாம்சன் என்ற மிஷனெரி செவிசாய்க்காததைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் வருத்தத்தோடு பதிந்துள்ளார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவராக இருந்துகொண்டே பீற்றர் பேர்சிவலின் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றதும் அதே நூற்றாண்டில்தான். தாம் போதிக்க வந்த ஊரில் தம் மறைநூலையே தம்மைவிட நுட்பமாக வாசிக்கக்கூடிய பிற சமயத்தார் இருக்கலாம் என்ற பணிவு வருவோர்க்கு இன்றியமையாதது.

இப்பின்னணியில் மலாக்காவின் தோட்டப்புறங்களை நோக்கவேண்டும். 1890களின் பிற்பகுதியில் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கிலும் பின்னர் புக்கிட் அசஹானிலும் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்டதிலிருந்து அம்மாநிலத்தின் உட்பகுதி பால்மரத் தோட்டங்களாக மாறியது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தமிழர் பெரும்பாலும் கங்காணி முறையில், அதாவது தோட்டத்தின் சார்பில் ஊருக்கு வந்து ஆள்சேர்க்கும் மேலாளின் வழியாக, 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை வந்துகொண்டிருந்தனர். வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்து, விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்று பேர் கொடுத்து, பால்வெட்டச் சென்ற அம்மக்கள், மாரியம்மன் கோயிலையும் முனீசுவரர் சந்நிதியையும் தாமே எழுப்பினர். கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த தோட்டங்களில் சிறு செபக்கூடங்களும் தோன்றின. குருவானவரோ போதகரோ வரும் நாள்கள் அரிதாகையால், இடைப்பட்ட நாள்களில் செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தந்து, நோயாளியருகே அமர்ந்து, அடக்கத்தையும் முன்னின்று நடத்தியவர் உபதேசியார். குருப்பட்டம் பெறாத, மக்களோடு மக்களாய் வாழும் போதகரே உபதேசியார். சவேரியார் காலத்துக் கணக்கப்பிள்ளையின் வாரிசு அவர்.

விடுதலைக்குப் பின் நேர்ந்த தோட்டத் துண்டாடல், அதாவது பெருந்தோட்டங்களைச் சிறு கூறுகளாக்கி விற்றல், ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது, நகர்மயமாதல் ஆகியவற்றால் தமிழ்க் குடும்பங்கள் தோட்டங்களை விட்டு மலாக்கா நகரைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. தோட்டத்தில் ஒருவர் துயரை ஒருவர் அறிந்த லயத்து நெருக்கம் குலைந்து, உபதேசியாரின் இடமும் பல இடங்களில் வெறுமையாயிற்று. வெளியிலிருந்து வரும் குழுக்களுக்கு இன்று கிடைக்கும் வரவேற்பின் ஒரு பகுதி இவ்வெறுமையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே அவ்வரவேற்பைத் தம் போதனையின் வெற்றியாகக் கொள்ளுமுன் அவர்கள் தயங்கவேண்டும்.

குழு வந்து நடத்தும் ஐந்து நாள் வேதப்பள்ளியில் சிறுவர் மகிழ்வதும், பாடல் கற்பதும், வசனங்களை ஒப்புவிப்பதும் மெய்யான நன்மைகளே. ஆனால் மலேசிய இந்தியருள் கிறிஸ்தவர் 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். இந்துக்கள் எண்பத்தாறு பேருக்கும் மேல். இந்நிலையில் ஒரே குடும்பத்தில் இரு சமயத்தாரும் இருப்பது இயல்பு. தாய் விளக்கேற்றும் வீட்டிலிருந்து பாடலுக்காக வந்த பிள்ளையிடம், அவ்வீட்டு வழிபாடு பாவம் என்று நான்காம் நாள் சொல்லிவிட்டு ஆறாம் நாள் வானூர்தி ஏறுபவர், அச்சொல் அவ்வீட்டில் விளைக்கும் பிளவைக் காணப்போவதில்லை. அப்பிள்ளையின் கேள்விக்கு விடைசொல்லவேண்டியவரும், அத்தாயின் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டியவரும் உள்ளூர்ச் சபையாரே. சொன்னவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்ற இம்முறைகேடே குறுகியகாலப் போதனையின் அறச்சிக்கலின் மையம்.

இச்சிக்கலுக்குச் சட்டக் கூறும் உண்டு. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் விதி ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே விதி கூறுகிறது. அத்தகைய சட்டமுள்ள மாநிலங்களுள் மலாக்காவும் ஒன்று. விவரமறியாத விருந்தினர் ஒருவரின் பேச்சோ துண்டறிக்கையோ வரம்பு மீறினால், விசாரணைக்கும் ஐயத்துக்கும் ஆளாவது ஆண்டாண்டாக அண்டை வீட்டாரோடு இணக்கம் பேணிவரும் உள்ளூர்ச் சபையாகும்.

கொடையும் போதனையும் கலப்பது மற்றொரு சிக்கல். பள்ளிப்பையும் அரிசியும் கொண்டுவரும் கைகளே வேதப்பாடத்தையும் தரும்போது, பெறுபவரின் இசைவு எதற்கானது என்பது அவருக்கே தெளிவாவதில்லை. எளியோரிடமும் கல்வி குன்றியோரிடமும் தகாத முறையில் இசைவு பெறுவதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை கண்டித்தது. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக நற்செய்திக் கூட்டணியும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டு ஆவணமும், வறுமையையும் தேவையையும் மனமாற்றத்துக்குப் பயன்படுத்தலாகாது என வலியுறுத்தியது. உதவி தேவைப்படும் குடும்பத்துக்கு அதை உள்ளூர் அமைப்புகளின் வழியே, எந்தப் பாடத்தோடும் பிணைக்காமல் தருவதே பெறுபவரின் விடுதலையையும் தருபவரின் அன்பையும் ஒருங்கே காக்கும்.

பிற நாட்டு அனுபவங்களும் இதையே சுட்டுகின்றன. 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராசைத் தாக்கியபின் வெளிநாட்டுக் குழுக்கள் கட்டிய வீடுகளையும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்ட கூர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் அறிஞர், அவற்றில் குடியேறியோரின் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை; சென்றுவந்தவர் வாழ்விலும் அவர்களே நம்பிய அளவுக்கு மாற்றம் நிலைக்கவில்லை. அதற்கு முன்பே, 1968இல், இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குரு, மெக்சிகோவுக்குத் தொண்டாற்ற வந்த அமெரிக்க மாணவரிடம், பார்க்கவும் பயிலவும் வாருங்கள், உதவுவதாக எண்ணி வராதீர்கள் என்னும் கருத்தைக் கடுமையாக எடுத்துரைத்தார்.

இல்லிச்சின் முடிவை முழுமையாக ஏற்பதற்கில்லை. வந்துபோவோரே வேண்டா என்றால், மூன்றே ஓய்வுநாள்களில் தெசலோனிக்கேயச் சபைக்கு வித்திட்ட பவுலையும் தள்ளவேண்டிவரும். தமிழில் இறையியல் பயின்றோர் குறைவாயுள்ள ஒரு நாட்டுச் சிறு சபைக்கு, தாய்மொழியில் ஆழ்ந்த விளக்கம் தரவல்ல ஒருவரின் வருகை பெரும்பேறு. தாம் தனித்து விடப்படவில்லை என்ற தேற்றமும் அதனால் பிறக்கிறது. ஆயினும் அவ்வருகை எந்த உறவின் அடிப்படையில் நிகழ்கிறது என்பது முதன்மையானது. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, மேலைநாட்டு மிஷனெரிகளின் ஈகத்தைப் போற்றியபின், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் எனக் கேட்டார். அக்கோரிக்கை இன்று தமிழரிடமிருந்து தமிழருக்கே திரும்பியிருக்கிறது. மலாக்காத் தமிழரைத் தாயகத்திலிருந்து வரும் போதகர் ஊழியக்களமாகக் காண்கிறாரா, தம்மோடு நிகராகச் சிந்திக்கும் நண்பராகக் காண்கிறாரா என்பதே அது எழுப்பும் கேள்வி.

இவற்றிலிருந்து நடைமுறைக்கான சில நெறிகள் பெறப்படுகின்றன. அழைப்பு உள்ளூர்ச் சபையிடமிருந்து வரவேண்டும்; பாடத்தை அச்சபையார் தேர்ந்து, வந்தவர் அவர்களின் கீழ் பணியாற்றவேண்டும். சிறுவர்க்கு நேரடியாக ஐந்து நாள் கற்பிப்பதைவிட, ஆண்டு முழுவதும் அச்சிறுவரோடு இருக்கும் ஞாயிறுபள்ளி ஆசிரியர்க்கும் உபதேசியார்க்கும் பயிற்சியும் நூல்களும் தருவதில் அந்நாள்கள் செலவாகவேண்டும். பெற்றோரின் இசைவின்றிப் பிற சமயப் பிள்ளைகளுக்குப் போதிக்கலாகாது. அவர்களின் வழிபாட்டை இழித்தல் எவ்விடத்தும் ஆகாது. சென்றபின் எழும் ஐயங்களுக்கு எழுத்தாலோ தொலைபேசியாலோ விடைதரும் கடப்பாட்டைப் பவுலைப் போல ஏற்கவேண்டும். ஆண்டுதோறும் புதிய ஊரை நாடாமல் அதே சபைக்குத் திரும்பவேண்டும். இந்நெறிகளுக்கு உட்பட இயலாத குழு, தன் பயணச் செலவை உள்ளூர் உபதேசியார் ஒருவரின் ஓராண்டு ஊதியத்துக்கு அனுப்பிவிட்டுத் தன் ஊரிலேயே இருப்பது வேதத்துக்கே செய்யும் மரியாதையாகும்.

வார்த்தை மனிதராகி மக்களிடையே குடிகொண்டார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் உயிர்நாடி. நாசரேத்தில் ஏறத்தாழ முப்பதாண்டு அயல்வீட்டாராய் வாழ்ந்தபின்னரே இயேசு போதிக்கத் தொடங்கினார் என நற்செய்திகள் வழி அறியும் ஒரு சமயத்துக்கு, தங்கி வாழ்தல் போதனையின் ஒரு பகுதியே. எனவே எல்லா வேதபோதனைக்கும் அளவுகோல் குடியிருத்தலே. குறுகியகாலப் பணி அக்குடியிருத்தலுக்குத் துணைசெய்யும் அளவுக்கே நேரியது. மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ ஒரு சிற்றில்லத்தில் வாரந்தோறும் பத்துப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும், எவரும் பெயரறியாத ஆசிரியையே அங்கு முதற்போதகர். கடல்கடந்து வருபவர் எத்துணைக் கற்றவராயினும் அவருக்குத் துணைவர். இவ்வரிசையை மனமார ஏற்று வருபவரின் இரண்டு வாரங்கள், அவ்வாசிரியையின் ஆண்டுகளோடு சேர்ந்து பயன்தரும்.